சூப்பர்வைசர் எங்கே போவார்? ஒரு ஷூ அப்பர் யூனிட் குழுமுறைக்கு மாறியபோது நடந்தவை

பின்னணி

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவைத் தாண்டி ஆம்பூர் போகிற வழியில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு யூனிட் பற்றியது இந்தப் பதிவு. 2022 நடுவில் தொடங்கி 2024 தொடக்கம் வரை நடந்தது. யாருடைய பெயரும் இதில் இல்லை. அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், நடந்த வரிசையை மாற்றவில்லை. உற்பத்தித் திட்டமிடலில் உதவுவதற்காக வெளியிலிருந்து கூப்பிடப்பட்டவன் என்ற முறையில் எனக்கு இதில் இடம்.

இந்த யூனிட் முழு ஷூ செய்வதில்லை. அப்பர் மட்டும், அதாவது சோல் ஒட்டுவதற்கு முன்னால் இருக்கும் தோல் பகுதி. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கும் பெரிய ஏற்றுமதி ஆலைகளிடமிருந்து தோலும் டிசைனும் வரும். இங்கே வெட்டி, ஓரம் சீவி, மடித்து, பசை போட்டு, தைத்து, கயிறு கோர்க்கும் ஓட்டைகளுக்கு ஐலெட் வளையம் அடித்து, நூல் முனை கருக்கி, செக் செய்து ஜோடி ஜோடியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்தே இந்தப் பாலாற்றுக் கரையில் நடக்கும் ஜாப் ஒர்க்தான் இது. 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றானது. ஆட்களும் ஆர்டரும் எல்லை பார்க்காமல் போய் வந்துகொண்டிருக்கின்றன.

தந்தை தொடங்கியதை இரண்டு மகன்கள் நடத்துகிறார்கள். மூத்தவர் ஆர்டரும் கணக்கும், இளையவர் தயாரிப்பு. சுமார் 150 பேர் வேலை செய்கிறார்கள், வெட்டும் பிரிவைத் தவிர்த்தால் பெரும்பாலும் பெண்கள். குடியாத்தம், மாதனூர், ஒடுகத்தூர் பக்கத்து ஊர்களிலிருந்து நான்கு வேன்களில் வருவார்கள். தையல் மூன்று லைன், லைனுக்கு ஏறத்தாழ 36 பேர். ஆறு சூப்பர்வைசர்கள், அவர்களுக்கு மேல் ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர். சூப்பர்வைசர்களில் ஐந்து பேர் ஆண்கள், எல்லோரும் பத்து வருடத்துக்கு மேல் இங்கேயே இருப்பவர்கள்.

2022 மே மாதம் ஒரு ஷிப்மெண்ட் தவறியது. பையர், அதாவது ஆர்டர் கொடுத்த ஆலை, சரக்கைக் கப்பலுக்குப் பதில் விமானத்தில் அனுப்பி, அந்தச் செலவின் பெரும்பகுதியை இவர்கள் பில்லில் கழித்தது. ரிப்பேர், அதாவது குறையோடு வந்து திருத்த வேண்டிய ஜோடிகள், குறையாவிட்டால் அடுத்த சீசனுக்குப் பாதி ஆர்டர்தான் என்றும் சொல்லிவிட்டது. மூத்தவர் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, "டீம் சிஸ்டம் போடலாம், தொழிலாளிக்குப் பவர் கொடுக்கலாம்" என்றார். தம்பிக்கு அதில் நம்பிக்கை இல்லை. "ஏற்கனவே யாரும் சொன்ன பேச்சு கேக்கறதில்லை. இதுல பவர் வேறயா?"

முதலில் கண்டது

எதையும் மாற்றுவதற்கு முன்னால் லைனில் உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவானது. கண்ணில் பட்ட முதல் விஷயம் டிரேக்கள். இரண்டு மெஷினுக்கு நடுவில் பன்னிரண்டு ஜோடிக் கட்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. இன்று சீவிய துண்டு, கடைசி மேசையில் செக்கர் கைக்கு வர மூன்று நாள் ஆனது. திங்கட்கிழமை செய்த தப்பு புதன்கிழமைதான் தெரியும், அதற்குள் அதே தப்பு ஆயிரம் ஜோடியைத் தாண்டியிருக்கும்.

துணி என்றால் தையலைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை மூடாது. பிரித்துத் தைத்தால் பழைய ஓட்டை வரிசையாகப் பல்லிளிக்கும். அதிகம் சீவிவிட்டால் மடிக்கும்போது கிழியும், குறைவாகச் சீவினால் மடிப்பு தடித்துக் காலைக் கடிக்கும். ஆகவே அப்பர் வேலையில் கடைசி மேசையில் தரம் பார்ப்பது பாதிக்கு மேல் வீண். தப்பு நடக்கிற இடத்திலேயே நிற்க வேண்டும், நிறுத்தக்கூடியவர் அந்த மெஷினில் உட்கார்ந்திருப்பவர் மட்டும்தான்.

அவர் நிறுத்தினாரா? இல்லை. போஸ்ட் பெட் மெஷினில் (தூண்போல உயர்ந்த மேடையுள்ள தையல் மெஷின்) இருந்த ஒரு டெய்லருக்கு நூல் டென்ஷன் சரியில்லை என்று காலையிலேயே தெரிந்திருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட சூப்பர்வைசர் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். சூப்பர்வைசர் அப்போது வேறொரு லைனில் டார்கெட் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். சீட்டு கேட்டால் "உன் மெஷினுக்கு மட்டும் எப்பவும் இன்னா பிரச்சனை?" என்று கேட்பார். அந்த டெய்லர் தைத்துக்கொண்டே இருந்தார். ஊசி மாற்றவும் அதே வழிதான். பாத்ரூம் போக லைனுக்கு இரண்டு டோக்கன். யாருக்கு எந்த நாள் லீவு என்பதும் சூப்பர்வைசர் மனசு.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்கைவிங்கில் (தோலின் ஓரம் சீவும் வேலை) இருக்கும் ஒரு நடுத்தர வயதுப் பெண்ணிடம் பேசினேன். ஊரில் மகளிர் சுயஉதவிக் குழுவின் பிரதிநிதி அவர். கணக்கு நோட்டு அவரிடம்தான் இருக்கிறது. "குழுவுல யாருக்கு எவ்ளோ லோன்னு நாங்களே பேசி முடிவு பண்றோம் சார். கட்டாதவ வூட்டுக்கும் நாங்கதான் போறோம். இங்க ஒரு ஊசி மாத்தறதுக்கு நின்னுகினு இருக்கணும்" என்றார். விசாரித்துப் பார்த்தபோது லைனில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு குழுவில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் தர்மபுரியில் தொடங்கியவை. அதாவது இவர்களில் பலர் வளர்ந்ததே கூட்டம் கூடி, தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போடும் வீடுகளில். அதனால் "இவங்களுக்கு முடிவெடுக்கத் தெரியாது" என்ற தம்பியின் வாதம் அன்றோடு கீழே விழுந்துவிட்டது என்பது என் கணிப்பு. அவர் ஒத்துக்கொண்டாரா என்பது வேறு விஷயம்.

சூப்பர்வைசர்களிடமும் பேசினோம். ஒரு நாளில் அவர்கள் செய்த வேலையைப் பட்டியல் போட்டால் சீட்டு கொடுப்பது, லீவு கொடுப்பது, நூல், ஊசி, பசை கொடுப்பது, டார்கெட் எழுதுவது என்று வந்தது. எல்லாமே கொடுப்பது. ஆக, தொழிலாளர் கைக்கு வரப்போகிற ஒவ்வொரு அதிகாரமும் ஏதோ ஒரு சூப்பர்வைசர் பையிலிருந்துதான் வர வேண்டும். மூத்தவர் இதை ஆரம்பத்தில் யோசிக்கவில்லை. எல்லோருக்கும் பவர் கூடும், யாருக்கும் குறையாது என்றே நினைத்திருந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

மூன்று லைனையும் ஒரே நாளில் மாற்ற மூத்தவருக்கு ஆசை. முதல் லைனை மட்டும் பன்னிரண்டு பேர் கொண்ட மூன்று குழுக்களாகப் பிரிப்பது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு குழுவும் சீவுவதிலிருந்து செக் வரை தானே செய்யும். மெஷின்களை நீளவாக்கில் போடாமல் குதிரை லாட வடிவில் போட்டார்கள். டிரேயில் பன்னிரண்டு ஜோடிக்குப் பதில் நான்கு.

குழுவில் யார் யார் என்பதில்தான் அதிக நேரம் போனது. ஒரே வேனில் வருபவர்கள் ஒரே குழுவில் இருக்க விரும்பினார்கள். வேன் பஞ்சரானால் முழுக் குழுவும் இல்லை. வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்றால் அந்த வேனில் ஒருத்தரும் வரமாட்டார்கள். இன்னொன்று, வெளியில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை: ஒரே ஊர் என்றால் ஊரின் தெருப்பிரிவினையும் கூடவே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது மூன்று வேன்காரர்கள், ஆனால் யாரும் தன் ஊரில் தனியாள் இல்லை என்று கலந்தார்கள். முழுத் திருப்தி யாருக்கும் இல்லை.

குழுவுக்குக் கொடுத்தவை மூன்று. தப்பு தெரிந்தால் யாரும் யாரையும் கேட்காமல் வேலையை நிறுத்தலாம். மெக்கானிக்கை நேரடியாகக் கூப்பிடலாம், ஊசியும் நூலும் குழுவின் பெட்டியிலேயே இருக்கும். லீவு முறையைக் குழுவே போட்டுக்கொள்ளலாம், ஒரு நாளில் இருவருக்கு மேல் கூடாது என்பது மட்டும் கட்டுப்பாடு. கொடுக்காதவற்றையும் தமிழில் அச்சடித்துச் சுவரில் ஒட்டச் சொன்னோம்: ஆளை வேலையை விட்டு எடுப்பது, அடிப்படைச் சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை. இந்த இரண்டாவது பட்டியல்தான் பின்னால் ஒருவரின் வேலையைக் காப்பாற்றியது.

குழுத் தலைவரைத் தேர்தல் வைத்து எடுக்கலாம் என்றார் மூத்தவர். பெண்கள் வேண்டாம் என்றார்கள். தோற்றவள் அடுத்த நாள் பக்கத்து மெஷினில் உட்கார வேண்டுமே. இரண்டு மாதத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். இந்த யோசனை முழுக்க அவர்களுடையது.

பணத்தில் பெரிய வாக்குவாதம் வந்தது. மாதச் சம்பளத்தை நிறுத்திவிட்டுக் குழுவுக்கு மொத்தமாகப் பீஸ் ரேட், அதாவது ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலி, கொடுத்தால் சுறுசுறுப்பு வரும் என்றார் தம்பி. 1990-களில் லீவைஸ் ஜீன்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் இருந்த தன் ஆலைகளில் தனியாள் பீஸ் ரேட்டை விட்டுக் குழு ஊதியத்துக்கு மாறியது. வேகமாகத் தைப்பவர்களின் சம்பளம் குறைந்து, மெதுவாகத் தைப்பவர்கள்மேல் கோபம் திரும்பி, ஆலைக்குள் சண்டை வந்தது. அதை எடுத்துச் சொன்ன பிறகு சம்பளத்தைத் தொடவில்லை. அதற்கு மேலே குழு ஊக்கத்தொகை ஒன்று சேர்த்தார்கள். மொத்த ஜோடிக்கு இல்லை, முதல் தடவையிலேயே பாஸான ஜோடிக்கு மட்டும். தீபாவளி போனஸ் சட்டப்படி 8.33 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டையும் குழப்பிவிடுவார்கள் என்பதால் இதற்குப் போனஸ் என்ற பெயரே வைக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது வேலை கற்றுக்கொண்டால் தனியாக ஒரு சின்னப் படித்தொகை.

சூப்பர்வைசர்களுக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள்: சம்பளம் குறையாது, வேலை மாறும். முதல் லைனின் இருவரில் ஒருவர் பயிற்சியாளர், மற்றவர் வெட்டும் பிரிவுக்கும் குழுக்களுக்கும் நடுவில் துண்டுகள் நேரத்துக்கு வருவதைப் பார்ப்பவர். அந்தக் கடிதம் வந்தது மாற்றத்துக்கு முதல் நாள் மாலை.

முதல் மூன்று மாதம்

தொடங்கிய வாரம் லைனின் உற்பத்தி நாளுக்கு 400 ஜோடியிலிருந்து 260-க்கு இறங்கியது. டிரேக் குவியல் இருந்தவரை ஒரு மெஷின் நின்றாலும் அடுத்தவருக்கு வேலை இருந்தது. இப்போது நான்கே ஜோடி என்பதால் ஒருவர் நின்றால் எல்லோரும் நின்றார்கள். மூன்று குழுவும் ஒரே நேரத்தில் மெக்கானிக்கைக் கூப்பிட்டன. இருந்தவர் ஒருவர். முன்பு சூப்பர்வைசர் சீட்டு என்பது ஒரு வகையில் அந்த மெக்கானிக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் புரிந்தது.

இதற்குச் செய்தது எளிய விஷயம்தான். ஊசி மாற்றுவது, டென்ஷன் சரிசெய்வது, எண்ணெய் விடுவது, பாபின் கேஸ் துடைப்பது ஆகியவற்றைக் குழுவுக்கு நால்வர் வீதம் கற்றுக்கொடுத்தார்கள். பழைய போஸ்ட் பெட் இரண்டை வாங்கி ஸ்டாண்ட்பையாக வைத்தார்கள். மெக்கானிக்கை அழைப்பது மூன்றில் ஒன்றாகக் குறைந்தது.

சூப்பர்வைசர்கள் பக்கம் அவ்வளவு எளிதாக இல்லை. துண்டுகள் வருவதைப் பார்க்கச் சொன்னவர், குழுக்கள் கேட்ட ஷேடு (நிறச் சாயல்) நூலை இரண்டு முறை தாமதமாகக் கொடுத்தார். வேண்டுமென்றா, மனசு ஒட்டாமலா என்று நிரூபிக்க வழியில்லை. வேனில் வரும்போது பெண்கள் அவரைக் கேலி செய்ததும் உண்மை. நான்காவது மாதம் அவர் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டார், அங்கே அதே சூப்பர்வைசர் வேலை. பயிற்சியாளராக ஆனவர் கதை வேறு. அந்தக் காலத்தில் தானே டெய்லராக இருந்து மேலே வந்தவர் அவர். மெஷினில் உட்கார்ந்து காட்டிக்கொடுப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. "பதினைஞ்சு வருஷமா கத்திகினு மட்டுமே இருந்தேன் சார், தையலையே மறந்துட்டேன்" என்றார் ஒருநாள்.

பத்தாவது வாரம் வாக்கில் உற்பத்தி பழைய அளவுக்கு வந்தது.

ஒரு சனிக்கிழமை நிறுத்தம்

எல்லோரும் எதிர்பார்த்துப் பயந்த நாள் அக்டோபரில் வந்தது. திங்கட்கிழமை லாரி ஏற வேண்டிய ஒரு பழுப்பு ஷூ. இரண்டாவது குழுவின் அப்போதைய தலைவர், இடது வலது காலுக்கு வரும் பக்கத்துண்டுகளில் ஷேடு ஒத்துப்போகவில்லை என்று நிறுத்தினார். தோலுக்குத் தோல் சாயம் பிடிப்பது கொஞ்சம் மாறும். ஒரே தோலில்கூட முதுகுப் பகுதியும் வயிற்றுப் பகுதியும் ஒன்றுபோல இருக்காது. ஜோடியாக வைத்தால் கண்ணை உறுத்தும்.

புரொடக்‌ஷன் மேனேஜர் வந்தார். ஓட்டச் சொன்னார். தலைவர் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். மேனேஜர் தம்பியைக் கூப்பிட்டார், தம்பியும் ஓட்டச் சொன்னார். குழு கையைக் கட்டிக்கொண்டு நின்றது. பக்கத்துக் குழுவிலும் மெஷின் சத்தம் நின்றுவிட்டது. மூத்தவர் வாணியம்பாடியில் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) இருந்தார். போனில் அவர் சொன்னது: "நிறுத்தலாம்னு நாமதானே எழுதி ஒட்டினோம். நிக்கட்டும். நான் பையர்கிட்ட பேசிக்கறேன்."

சுமார் 140 ஜோடித் துண்டுகளைத் திருப்பி வெட்டும் பிரிவுக்கு அனுப்பி, மேசைமேல் பரப்பி, ஒத்த ஷேடு பார்த்துச் சேர்த்தார்கள். பெண்களை இரவு நிறுத்திவைக்க முடியவில்லை. அப்போதிருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் பொது விதிப்படி காலை 6 முதல் மாலை 7 வரைதான் அவர்களுக்கு வேலை நேரம், அதோடு வேன் கிளம்பியாக வேண்டும். லாரி ஒரு நாள் தள்ளிப் போனது. பையர் கோபப்பட்டார், ஆனால் பில்லில் எதுவும் கழிக்கவில்லை.

இந்தச் சம்பவம் வெட்டும் பிரிவில் பெரிய மனக்கசப்பை உண்டாக்கியது. வெட்டுகிறவர்கள் ஆண்கள், யூனிட்டிலேயே கூடுதல் சம்பளம் வாங்குபவர்கள். தோலை வீணாக்காமல் துண்டு எடுப்பதை வைத்துத்தான் அவர்கள் வேலை மதிக்கப்படுகிறது. துண்டு மிச்சம் பிடிக்க எந்த மூலையிலிருந்தும் எடுப்பார்கள், ஷேடு பொருத்தம் அவர்கள் கணக்கில் இல்லை. தையல் பெண்கள் தங்கள்மேல் குற்றம் சொல்வதா என்று இரண்டு நாள் பேச்சே இல்லை. அப்புறம் வெட்டும்போதே ஜோடித் துண்டுகளை ஒரே தோலில் அடுத்தடுத்து எடுத்து ஒரே எண் போடுவது என்று முறை வந்தது. அதனால் தோல் செலவு சற்றுக் கூடியது. அந்தக் கூடுதலை வெட்டுபவர்கள் கணக்கில் எழுதக் கூடாது என்று மூத்தவர் எழுத்தில் கொடுத்த பிறகுதான் முறை நிலைத்தது.

இந்த மாற்றம் பிழைத்தது அந்த ஒரு போன் பேச்சில்தான் என்பது என் எண்ணம். அன்று ஓட்டச் சொல்லியிருந்தால் சுவரில் இருந்த காகிதத்தை யாரும் மறுபடி படித்திருக்க மாட்டார்கள்.

குழுவே சூப்பர்வைசர் ஆனபோது

2023 ஜனவரியில் வேறு வகைச் சிக்கல். மூன்றாவது குழுவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு டெய்லருக்குக் கண் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. ஓரத்திலிருந்து தையல் விலகியது. முதல் தடவை பாஸ் குறைந்தது, ஊக்கத்தொகை குறைந்தது. முதலில் சாடைப்பேச்சு. பிறகு குழு எழுத்தில் கேட்டது: இவரை மாற்றுங்கள். கையெழுத்துப் போட்டவர்களில் இருவர் அவரோடு ஒரே வேனில் வருபவர்கள்.

அதே சமயம் இன்னொன்றும் தெரியவந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவு எடுத்தால் குழுவிலிருந்து மூன்று நான்கு போன் வருகிறது. முன்பு சூப்பர்வைசர் ஒருவர் திட்டுவார், அதைப் பதினொரு பேராகச் சேர்ந்து சிரித்துத் தள்ளிவிடலாம். பதினொரு பேரே கேட்டால் எங்கே போவது? ஒரு பெண் சொன்னார், "அவர் கேட்டா பொய் சொல்வேன். இவங்ககிட்ட பொய்யும் சொல்ல முடியல."

அதிகாரத்தைத் தொழிலாளர் கையில் கொடுப்பது பற்றிப் பேசுபவர்கள் இந்தப் பக்கத்தை அதிகம் சொல்வதில்லை. குழு அன்பாகவும் இருக்கும், ஈவிரக்கமில்லாமலும் இருக்கும். காசு சேர்ந்தால் இரண்டாவது சீக்கிரம் வரும்.

ஆளை எடுப்பது குழுவின் அதிகாரத்தில் இல்லை என்ற சுவர்ப் பட்டியல் இங்கே உதவியது. இ.எஸ்.ஐ. மூலம் கண் பரிசோதனைக்கு அனுப்பியதில் கண்புரை என்று தெரிந்தது. ஆபரேஷன் முடியும்வரை அவர் அதே குழுவில் பசை மேசைக்கு மாறினார். ஊக்கத்தொகைக் கணக்கையும் திருத்தினார்கள். புதிதாகக் கற்றுக்கொள்பவர், உடம்பு சரியில்லாமல் திரும்பி வந்தவர் ஆகியோரின் ஜோடிகள் குறிப்பிட்ட வாரங்களுக்குக் குழுக் கணக்கில் சேராது. மாதத்துக்கு ஒரு நாள் காரணம் கேட்காத லீவு, அது ஊக்கத்தொகையைத் தொடாது. சாடைப்பேச்சு ஓரளவு அடங்கியது. அந்தக் கையெழுத்துக் காகிதம் மட்டும் அவர்களுக்குள் மறக்கப்படவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்தவர் வேறு குழு கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆர்டர் குறைந்தபோது

பிப்ரவரியில் இரண்டாவது லைனும் குழுமுறைக்கு வந்தது. முதல் லைனின் பெண்கள் நால்வர் போய்க் கற்றுக்கொடுத்ததால் உற்பத்தி இறங்கிய காலம் மூன்று வாரத்தில் முடிந்தது. மூன்றாவது லைன் சாம்பிளும் சின்னச் சின்ன ஆர்டருமாக ஓடுவது. தினம் டிசைன் மாறும் இடத்தில் நிலையான குழு சரிப்படாது என்று தம்பி சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அது சரியான முடிவுதான்.

2023 ஆகஸ்டில் ஐரோப்பாவில் விற்பனை மந்தம் என்று பையர்கள் கையை இறுக்கினார்கள். ரிப்பேர் குறைந்திருந்தும் ஆர்டர் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு போனது. தரத்தைச் சரிசெய்தால் ஆர்டர் நிற்கும் என்று சொல்லித்தான் எல்லாமே தொடங்கியது, எனவே பெண்களுக்கு இதை விளக்குவது சிரமமாக இருந்தது. 25 ஹெல்பர்களை நிறுத்திவைக்கத் திட்டம் தயாரானது. செய்தி எப்படியோ வேன் வரைக்கும் போய்விட்டது.

அடுத்த நாள் குழுத் தலைவர்கள் ஆறு பேரும் மூத்தவர் அறைக்கு வந்து ஆர்டர் புத்தகத்தைக் காட்டச் சொன்னார்கள். இது யாரும் எழுதிக் கொடுத்த அதிகாரம் இல்லை. யூனிட்டில் தொழிலாளர் கமிட்டி என்று ஒன்று ஆடிட்டுக்காகப் பேப்பரில் இருந்தது. அது கூடி யாரும் பார்த்ததில்லை. மூத்தவர் ஒரு நாள் யோசித்துவிட்டு, விலையை மறைத்து, எண்ணிக்கையை மட்டும் அடுத்த நான்கு மாதத்துக்கு எழுதிக் காட்டினார்.

அவர்கள் கொண்டுவந்த யோசனை: யாரையும் நிறுத்த வேண்டாம், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) முழுவதும் நிறுத்தப்படட்டும், சேர்ந்திருக்கும் லீவை எல்லோரும் முறைவைத்து எடுத்துக்கொள்கிறோம், சனிக்கிழமைகளில் பாதிப் பேர் வேறு வேலை கற்றுக்கொள்கிறோம். ஓ.டி.க்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம் என்பதால் அது நின்றதில் நல்ல மிச்சம் வந்தது. அதே ஓ.டி. பணத்தை நம்பிக் கடன் கட்டிக்கொண்டிருந்த சிலருக்கு அது பெரிய அடி. டிசம்பர் வரை இப்படி ஓட்டினார்கள். யாரையும் நிறுத்தவில்லை. ஆனால் வருமானம் போதாமல் ஒன்பது பேர் தாங்களாகவே போய்விட்டார்கள், அதில் இருவர் நல்ல டெய்லர்கள்.

கணக்குப் பார்த்தால்

குழுமுறையில் உள்ள இரண்டு லைன்களில் ரிப்பேர் 100-க்கு எட்டு ஒன்பது ஜோடியாக இருந்தது. 2024 தொடக்கத்தில் நான்கு. சீவுவதிலிருந்து செக் வரை மூன்று நாள் ஆனது இப்போது ஒரு நாளுக்குள் முடிகிறது. நாள் உற்பத்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடியது. வேலைக்கு வராமல் இருப்பது சற்றே குறைந்தது, மே மாத வெயிலிலும் திருவிழாவிலும் பழையபடிதான்.

மூத்தவர் எதிர்பார்த்த லாபம் வரவில்லை. ஊக்கத்தொகை, கற்றல் படி, கூடுதல் தோல், ஸ்டாண்ட்பை மெஷின் எல்லாம் சேர்த்தால் மிச்சத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடுகிறது. விமானச் செலவுக் கழிவு அதன்பின் ஒரு முறையும் வரவில்லை என்பதை அவர் தனியாக எழுதி வைத்திருக்கிறார். அதையும் சேர்த்தால் கணக்கு ஒத்துவருகிறது என்பது அவர் வாதம். தம்பி அந்த வரியை ஏற்பதில்லை. வராத செலவை எப்படி வரவு என்று எழுதுவது என்று கேட்கிறார்.

மறுபடி செய்தால்

அண்ணன் தம்பி, புரொடக்‌ஷன் மேனேஜர், பயிற்சியாளர், குழுத் தலைவர்கள் இருவர் ஆகியோருடன் உட்கார்ந்து இதைப் பேசினோம். எல்லோரும் ஒத்துக்கொண்டது சூப்பர்வைசர் விஷயம். கடிதத்தை முதல் நாள் மாலை கொடுத்திருக்கக் கூடாது, மூன்று மாதம் முன்பே அவர்களை உட்காரவைத்து உன் வேலை இனி என்ன என்று பேசியிருக்க வேண்டும். போனவர் கெட்டவர் இல்லை. அவர் கையில் இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பெயர்ப்பலகை மட்டும் கொடுத்தார்கள். பயிற்சியாளருக்கு அப்படி ஆகவில்லை, ஏனென்றால் அவருக்குக் கையில் ஒரு தொழில் இருந்தது.

மெக்கானிக் பயிற்சியை மாற்றத்துக்கு முன்பே முடித்திருக்கலாம். வெட்டும் பிரிவை வெளியே விட்டுவிட்டுத் தையலை மட்டும் குழுவாக்கியதால்தான் சனிக்கிழமைச் சண்டை வந்தது. குழுவுக்கு ஒரு வெட்டுபவரைச் சேர்க்கலாம் என்று பேச்சு இருக்கிறது. ஊக்கத்தொகையில் கருத்து வேறுபாடு தீரவில்லை. அதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைச் சம்பளத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று ஒரு குழுத் தலைவர் சொன்னார், கண்புரை விவகாரத்தை வைத்து. மற்றவர் வேண்டாம் என்றார், நன்றாகத் தைத்தால் ஒரு அடையாளம் வேண்டுமே என்று. நான் முதலாமவர் பக்கம்.

2024 மார்ச்சில் குழுத் தலைவர்கள் இன்னொரு கோரிக்கை எழுதிக் கொடுத்தார்கள்: ஆண்டுச் சம்பள உயர்வை முடிவு செய்யும்போது தங்களையும் உட்காரவைக்க வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் இரண்டாவது பட்டியலில் சம்பளம் இருக்கிறது என்று தம்பி பதில் சொன்னார். பட்டியலை எழுதியது நீங்கள், திருத்தவும் நீங்களே திருத்தலாமே என்றார்கள் அவர்கள். மூத்தவர் சிரசுத் திருவிழா முடிந்து பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்.